ஜான் கேஃபி

ஜான் கேஃபி (மார்ச் 30, 1895 – செப்டம்பர் 2, 1978) அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் கதிரியல் வல்லுநரும் ஆவார். குழந்தைக் கதிரியலின் தந்தை என இவர் போற்றப்படுகிறார். ஊடுகதிர் (எக்ஸ் கதிர்) படங்களின் துணைகொண்டு குழந்தைகளிடம் அரிதாகத் தோன்றும் நோய்களை இனங்காணும் முறைகளை வகுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். கைக்குழந்தைகளின் எலும்புகள் தடித்துப் பின்னர் தாமாகவே இயல்பு நிலைக்குத் திரும்பும் ஓர் அரிய நோய் இவர் பெயரால் கேஃபி நோய் எனப்படுகிறது. பெரியோரால் துன்புறுத்தப்பட்ட குழந்தைகளின் காயங்களை மருத்துவ உலகம் அடையாளம் காண இவர் 1946 இல் எழுதிய கட்டுரை வழிவகுத்தது. எனினும் அக்கட்டுரையில் அக்காயங்களுக்கான காரணத்தை இவர் உறுதியாகக் கூறவில்லை.

இளமையும் கல்வியும்

கேஃபி யூட்டா மாநிலத்தில் காசில் கேட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். இவர் பிறந்து ஏழு மாதங்கள் கழித்து, அதே 1895 ஆம் ஆண்டு நவம்பரில், செருமனியில் வில்லெம் ரோண்ட்கன் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்ற கேஃபி 1919 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். செயின்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் மருத்துவமனையில் பயிற்சி முடித்தபின் கிழக்கு ஐரோப்பா சென்று, முதல் உலகப் போரால் சிதைந்திருந்த செர்பியா, போலந்து, உருசியா ஆகிய நாடுகளில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பிலும் அமெரிக்க நிவாரண அமைப்பின் சார்பிலும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பணியாற்றினார். நாடு திரும்பியபின் குழந்தை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்று நியூயார்க்கில் குடியேறினார்.

கதிரியலுக்கு வருகை

நியூயார்க்கின் குழந்தைகள் மருத்துவமனை (பேபீஸ் ஆஸ்பிட்டல்) 1929 இல் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவ வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. அங்குக் குழந்தைகளுக்கு எடுக்கப்பட்ட ஊடுகதிர்ப் படங்களுக்குத் தரப்பட்ட விளக்கங்கள் கேஃபிக்கு நிறைவளிக்கவில்லை. அவர் அதனைக் குறைகூறிவந்ததாகவும், அப்படியானால் அப்பணியை நீரே ஏற்றுச் செய்யும் என்று பொறுப்பாளர்கள் அவரிடமே ஒப்படைத்ததாகவும் கூறப்படுகிறது. அதுவரை கதிரியலில் முறையான பயிற்சி பெற்றிராத ஒரு குழந்தை மருத்துவர் இவ்வாறு அத்துறையின் பொறுப்பை ஏற்றார்.

இப்பின்னணி இவருடைய முறையைத் தீர்மானித்தது. அக்காலக் கதிரியலாளர்கள் பெரும்பாலும் பெரியவர்களின் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள். குழந்தையின் எலும்போ பெரியவரின் எலும்பைச் சிறிதாக்கியது போன்றதன்று. நீள எலும்பின் முனைக்கருகே வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உள்ளது. குருத்தெலும்பு ஊடுகதிரைத் தடுக்காததால் படத்தில் அவ்விடம் வெற்றிடமாகவே தோன்றும். எலும்பைப் போர்த்தியிருக்கும் சுற்றுறை பெரியவர்களிடம் இறுக ஒட்டியிருக்கும். குழந்தைகளிடம் அது தளர்வாக இருப்பதால் எளிதில் உரிந்து விலகும். மாதந்தோறும் மாறிவரும் இவ்வுறுப்பில் எது இயல்பு, எது நோய் என்பதை அறிய, நலமான குழந்தைகளின் படங்களையும் பெருமளவில் பார்த்திருக்க வேண்டும். கேஃபி அதைச் செய்தார். படத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் குழந்தையையும் அதன் நோய் வரலாற்றையும் அறிந்து, உடற்கூறாய்வு முடிவுகளுடன் ஒப்பிட்டார்.

இம்முறையின் முதற்பயன்களுள் ஒன்று ஈய நஞ்சேற்றம் பற்றியது. அந்நாளில் வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலந்திருந்தது. தொட்டிலையும் சன்னல் சட்டத்தையும் கடிக்கும் குழந்தைகளின் உடலில் அது சேர்ந்தது. வளரும் எலும்புகளின் முனையில் இதனால் குறுக்காக அடர்ந்த வெண்பட்டைகள் உண்டாவதை 1931 இல் வெளியான ஆய்வில் கேஃபி விளக்கினார். பட்டை என்றவுடன் அங்கு ஈயம் படிந்திருப்பதாக எண்ணத் தோன்றும். உண்மையில் அவ்வெண்மையில் பெரும்பகுதி, ஈயத்தின் விளைவால் கரைய வேண்டிய சுண்ணமேறிய குருத்தெலும்பு கரையாமல் தேங்குவதால் ஏற்படுவதாகும். (அமெரிக்காவில் வீட்டுப் பூச்சுகளில் ஈயம் 1978 இல், அதாவது கேஃபி மறைந்த ஆண்டில்தான், தடைசெய்யப்பட்டது.) தலசீமியா போன்ற பரம்பரைக் குருதிச்சோகைகளில் எலும்பு மச்சை பெருகுவதால் மண்டையோட்டிலும் கை எலும்புகளிலும் ஏற்படும் மாற்றங்களையும் 1930களில் விரிவாக ஆராய்ந்தார்.

தைமசுச் சுரப்பிச் சிக்கல்

படத்தில் உள்ளதைக் காணத் தவறுவது ஒரு பிழை. இயல்பானதை நோயெனக் காண்பது மற்றொரு பிழை. இரண்டாவது பிழை எவ்வளவு கொடியதாகக் கூடும் என்பதற்குத் தைமசுச் சுரப்பியின் வரலாறு சான்றாகும்.

தைமசு மார்பெலும்பின் பின்னால் அமைந்துள்ள சுரப்பி. கைக்குழந்தைகளிடம் இது பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், நலமாக இருந்த குழந்தைகள் திடீரென இறந்தபோது உடற்கூறாய்வில் தைமசு பெரிதாக இருப்பது கண்டு, அதுவே மூச்சுக்குழலை அழுத்திக் கொன்றது என மருத்துவர்கள் கருதினர். ஒப்பீட்டிற்கு அவர்கள் கொண்டவை நீண்டநாள் நோயுற்று மெலிந்து இறந்த குழந்தைகளின் உடல்கள். நோயும் பட்டினியும் தைமசைச் சுருக்கிவிடும் என்பது அப்போது உணரப்படவில்லை. சுருங்கிய சுரப்பி இயல்பானதெனவும், இயல்பான சுரப்பி வீங்கியதெனவும் கொள்ளப்பட்டது. ஒப்பீட்டு அளவுகோலே பிழையாக இருந்தால் கணக்கிடப்படும் யாவும் பிழையாகும் என்பதைப் பொறியியல் மாணவர்களும் அறிவர்.

ஊடுகதிர் வந்தபின் இப்பிழை உயிருள்ள குழந்தைகளைத் தாக்கியது. மார்புப் படத்தில் அகன்ற நிழல் தெரிந்தால் தைமசு வீக்கம் என முடிவு செய்து, கதிர்வீச்சு செலுத்தி அதைச் சுருக்கினர். 1907 இல் தொடங்கிய இம்முறைக்கு அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உட்படுத்தப்பட்டனர். குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் அழும்போதும் தைமசின் நிழல் விரிந்து சுருங்குவது இயல்பே என்பதைக் கேஃபி எடுத்துக்காட்டினார். தைமசுக்கும் திடீர் இறப்புக்கும் தொடர்பில்லை என்றும், அதற்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பது எவ்வயதிலும் அறிவுக்குப் பொருந்தாதது என்றும் 1945 இல் தமது நூலில் எழுதினார். 1950 இல் நியூயார்க்கில் தைராய்டுப் புற்றுநோய் கண்ட இளம் வயதினர் 28 பேரின் வரலாறு ஆராயப்பட்டபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கைக்குழந்தைப் பருவத்தில் தைமசுக்காகக் கதிர்வீச்சு பெற்றவர்கள் எனத் தெரியவந்தது. தைராய்டு கழுத்தில், தைமசுக்குச் சற்று மேலே உள்ளது. இல்லாத நோய்க்கு அளித்த சிகிச்சை இருந்த சுரப்பியைக் கெடுத்தது.

கேஃபி நோய்

1945 கேஃபியின் வாழ்வில் முக்கியமான ஆண்டு. குழந்தைகளின் ஊடுகதிர் நோயறிதல் பற்றிய இவருடைய பெருநூல் அவ்வாண்டு சிகாகோவில் வெளியாயிற்று. வில்லியம் சில்வர்மன் என்பவருடன் இணைந்து ஒரு புதிய நோயை விவரித்ததும் அவ்வாண்டே. இதனை ஒத்த நோயாளர் குறித்து 1930 இல் செருமானிய மொழியில் ஒரு குறிப்பு வெளிவந்திருந்தபோதிலும், தனி நோயாக நிலைபெற்றது இக்கட்டுரைக்குப் பின்னரே.

இந்நோய் பெரும்பாலும் குழந்தையின் முதல் ஐந்து மாதங்களுக்குள் தோன்றும். காய்ச்சல் வரும். குழந்தை ஓயாமல் அழும். தாடை வீங்கும். படம் எடுத்தால் கீழ்த்தாடை, காறை எலும்பு, விலா எலும்புகள், முன்கை எலும்புகள் ஆகியவற்றின் புறப்பகுதி தடித்து, புதிய எலும்பு அடுக்கடுக்காகப் படிந்திருப்பது தெரியும். காண்போரை அச்சுறுத்தும் இக்காட்சி பெரும்பாலான குழந்தைகளிடம் இரண்டு வயதிற்குள் மறைந்துவிடும். எனவே சரியாக இனங்காண்பதே இங்குச் சிகிச்சையில் பாதி எனலாம். எலும்பில் சீழ்பிடித்தல், பிறவி மேகநோய், ஸ்கர்வி, புற்று என வேறு எதையேனும் எண்ணினால் தேவையற்ற அறுவையும் மருந்தும் குழந்தைக்கு நேரும்.

இதனோடு குழப்பத்தக்க மற்றொரு நிலையையும் கேஃபியே 1950 இல் பிரித்துக் காட்டினார். மீன் ஈரல் எண்ணெய் போன்றவற்றை நல்லெண்ணத்தோடு அளவுக்கு மீறிப் புகட்டியதால் உயிர்ச்சத்து ஏ மிகுந்த குழந்தைகளிடமும் எலும்புகள் தடித்தன. ஆனால் இது ஒரு வயதிற்குப் பின்னரே பெரும்பாலும் காணப்படும். கீழ்த்தாடையைத் தொடாது. புகட்டுவதை நிறுத்தினால் சரியாகிவிடும். எந்த வயது, எந்த எலும்பு என்னும் இரு வினாக்களைக் கொண்டே இரு நோய்களைப் பிரித்தறிய முடிந்தது.

கேஃபி நோயின் காரணம் அவர் வாழ்நாளில் அறியப்படவில்லை. 2005 இல் பரம்பரையாக இந்நோய் கண்ட குடும்பங்களை ஆராய்ந்தபோது, முதல் வகைக் கொலாஜன் புரதத்தை உருவாக்கும் மரபணுக்களுள் ஒன்றில் மாற்றம் இருப்பது கண்டறியப்பட்டது. இதே மரபணுவில் நேரும் வேறு மாற்றங்கள் எலும்புகள் எளிதில் நொறுங்கும் பிறவிநோயை (ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா) உண்டாக்குகின்றன. இந்த இரண்டாவது நோய் அடுத்த பகுதியில் கூறப்படும் சிக்கலில் மீண்டும் வரும்.

1946 கட்டுரை

மூளையைச் சூழ்ந்த கடினமான உறையின் (வன்தாயி) அடியில் குருதி திரளும் நிலை கைக்குழந்தைகளிடம் அவ்வப்போது காணப்பட்டது. காயமே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் எனப் பலர் கருதினாலும், பெரும்பாலான பெற்றோர் காயம் எதையும் கூறுவதில்லை. இவ்வாறு குருதித்திரட்சி கண்ட ஆறு குழந்தைகளின் கை, கால்களைப் படமெடுத்த கேஃபி, அவற்றில் மொத்தம் 23 முறிவுகளைக் கண்டார். எந்தக் குழந்தைக்கும் அவற்றை விளக்கத்தக்க விபத்து நேர்ந்ததாக வரலாறு இல்லை. எலும்பை வலுவிழக்கச் செய்யும் நோய்க்கான அறிகுறியும் படங்களில் இல்லை.

இம்முறிவுகள் எவ்வாறு தெரிந்தன என்பது அறியத்தக்கது. குழந்தையின் கை அல்லது கால் வலுவாக இழுக்கப்படும்போதோ முறுக்கப்படும்போதோ, வளர்ச்சித் தட்டை ஒட்டிய எலும்பு முனையில் மெல்லிய சில்லுகள் பெயர்கின்றன. சுற்றுறை உரிந்து அதனடியில் குருதி கசிகிறது. முதல் நாளில் எடுத்த படத்தில் இதில் பெரும்பகுதி தெரியாது. ஒன்றிரண்டு வாரங்களில் அக்குருதியைச் சுற்றிப் புதிய எலும்பு உருவாகத் தொடங்கியதும், நடந்தது வெண்கோடாக வெளிப்படும். ஒரே குழந்தையிடம் ஒரு முறிவு புதியதாகவும் மற்றொன்று ஆறிவருவதாகவும் இருந்தால், அவை ஒரே நாளில் நிகழ்ந்தவையல்ல என்பது தெளிவு. பேசத் தெரியாத குழந்தைக்காக அதன் எலும்பு நாட்குறிப்பு எழுதி வைத்திருந்தது.

கேஃபி எந்த அளவுக்குக் கூறினார், எங்கு நிறுத்தினார் என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். முறிவுகள் காயத்தால் ஏற்பட்டவையே என்றார். காயம் எவ்வாறு நேர்ந்தது என்பது தெளிவாகவில்லை என்றார். ஒரு குழந்தை பெற்றோர் இருவராலும் விரும்பப்படாதது என்பதைக் குறிப்பிட்டு, வேண்டுமென்றே கொடுமை செய்யப்பட்டதா என்னும் வினா எழுந்ததாகவும், அதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை எனவும் எழுதினார். இத்தகைய குருதித்திரட்சி உள்ள குழந்தைகளின் நீள எலும்புகளையும், விளக்கமற்ற முறிவுள்ள குழந்தைகளின் தலையையும் ஆராயுமாறு பரிந்துரைத்தார். பெற்றோரைக் குற்றஞ்சாட்டும் எண்ணமே மருத்துவர்களுக்கு ஒவ்வாதிருந்த காலம் அது. பிரான்சில் அம்புரோசு தார்தியே 1860 இலேயே குழந்தைகள் மீதான கொடுமைகளைத் தொகுத்து எழுதியிருந்தும் அது கவனிக்கப்படாமற் போயிற்று. கேஃபியின் தயக்கத்தைக் கோழைத்தனம் எனச் சிலர் மதிப்பிடக்கூடும். ஆறு குழந்தைகளின் படங்களிலிருந்து ஒருவர் எழுத்தில் கூறக்கூடியது அவ்வளவே என்பதும் ஏற்கத்தக்கது. எனினும் அத்தயக்கத்தின் விலையைச் செலுத்தியவர்கள் வீட்டிற்குத் திருப்பியனுப்பப்பட்ட குழந்தைகள்.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து அவருடைய மாணவர் பிரெடரிக் சில்வர்மன் தொடர்ந்தார். (கேஃபி நோயின் இணை ஆசிரியரான வில்லியம் சில்வர்மன் வேறொருவர். மாணவர்கள் இவ்விருவரையும் ஒருவராகக் கொள்வதுண்டு.) இத்தகைய முறிவுகள் அறியப்படாமலோ மறைக்கப்பட்டோ போன காயங்களின் விளைவே என்றும், பொறுமையாக வினவினால் வரலாறு வெளிவரும் என்றும் 1953 இல் பிரெடரிக் சில்வர்மன் எழுதினார். கேஃபியும் பின்னர் வெளிப்படையாகப் பேசலானார். 1956 இல் பிரித்தானியக் கதிரியல் கழகத்தின் மெக்கன்சி டேவிட்சன் நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தி, மறுஆண்டு அதனை வெளியிட்டார். காயத்தைச் சரியாக இனங்காண்பது குழந்தையை மீண்டும் அடிபடாமல் காக்கும் என்பது அதில் அவர் வற்புறுத்திய கருத்துகளுள் ஒன்று. 1962 இல் டென்வரைச் சேர்ந்த ஹென்றி கெம்பி, பிரெடரிக் சில்வர்மன் முதலானோர் அடிபட்ட குழந்தை நோய்த்தொகை என்னும் பெயரைச் சூட்டி எழுதிய கட்டுரை நாடெங்கும் அதிர்வை ஏற்படுத்தியது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஐம்பது மாநிலங்களும் குழந்தைக் கொடுமையை அறிவிக்க வகைசெய்யும் சட்டங்களை இயற்றின.

குலுக்குதல் பற்றிய கருதுகோள்

நியூயார்க்கில் ஓய்வுபெற்ற கேஃபி 1960களில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்று பணியைத் தொடர்ந்தார். அங்கிருந்து 1972 இலும் 1974 இலும் எழுதிய கட்டுரைகளில் 1946 இன் புதிருக்கு விடையொன்றை முன்வைத்தார். குழந்தையைப் பிடித்து வேகமாகக் குலுக்கினால், பளுவான தலையும் வலுவற்ற கழுத்தும் முன்பின்னாகச் சுழன்று, மூளைக்கும் உறைக்கும் இடையிலான நுண்சிரைகள் கிழிகின்றன. கண்ணின் விழித்திரையிலும் குருதி கசிகிறது. கைகால்களின் எலும்பு முனைகள் சிதைகின்றன. வெளியே ஒரு கன்றலும் இல்லாதிருக்கலாம். இங்கிலாந்தில் நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச் 1971 இல் இதனையொத்த கருத்தைக் கூறியிருந்தார். தம் சான்றுகளுள் ஒன்றாகக் கேஃபி எடுத்துக்கொண்டது, தம் பொறுப்பிலிருந்த குழந்தைகளைக் குலுக்கியதாக 1956 இல் ஒப்புக்கொண்ட ஒரு செவிலியின் வழக்கு ஆகும்.

இக்கருத்து பரவி, குலுக்கப்பட்ட குழந்தை நோய்த்தொகை என்னும் பெயரில் நீதிமன்றங்களுக்கும் சென்றது. 1971 இல் இலண்டனில் முதல் நோயாளிக்குப் பயன்பட்ட சி.டி. வருடி, தலைக்குள் திரண்ட குருதியை ஊசி குத்தாமலே காண வழிசெய்தது. அதனுடன் சிக்கலும் வளர்ந்தது. உறையடிக் குருதி, விழித்திரைக் குருதி, மூளைப் பாதிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் குலுக்கப்பட்டதே காரணம் என்று சில வழக்குகளில் முடிவு செய்யப்பட்டது. குருதி உறைதல் குறைபாடுகளும் சில அரிய வளர்சிதைமாற்ற நோய்களும் இதையொத்த தோற்றத்தைத் தரக்கூடும். எளிதில் நொறுங்கும் எலும்புள்ள குழந்தையின் முறிவுகள் கொடுமையின் விளைவு எனத் தவறாகக் கொள்ளப்படலாம். கேஃபி நோயும் அவ்வாறே ஐயத்திற்கு இடமளிக்கும். கத்கெல்ச் தமது முதிய வயதில், 2016 இல் மறைவதற்கு முன், தம் கருதுகோள் அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்படுவதாகக் கவலை தெரிவித்தார். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2009 இல் குலுக்குதல் என்னும் சொல்லைத் தவிர்த்து, கொடுமையால் ஏற்படும் தலைக்காயம் என்னும் பொதுப்பெயரைப் பரிந்துரைத்தது. 2016 இல் சுவீடன் நாட்டு மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம், மேற்கூறிய மூன்று அறிகுறிகளை மட்டும் கொண்டு முடிவெடுப்பதற்கான அறிவியற் சான்று குறைவானது என அறிவித்தது. குழந்தைக் கதிரியல் அமைப்புகள் உள்ளிட்ட பல மருத்துவ அமைப்புகள் 2018 இல் வெளியிட்ட கூட்டறிக்கை, இந்நோயறிதல் மருத்துவ அடிப்படை உடையதே என்றும், ஆனால் எந்த ஒரு தனி அறிகுறியையும் கொண்டு அது செய்யப்படுவதில்லை என்றும் கூறியது.

இரு தரப்பிலும் இழப்பு மிகப் பெரிது. தவறவிட்டால் ஒரு குழந்தை இறக்கலாம். தவறாகக் கூறினால் குற்றமற்ற தாயோ தந்தையோ சிறை செல்லலாம், குழந்தையும் அவர்களிடமிருந்து பிரிக்கப்படலாம். இதனால் கொடுமை ஐயுறப்படும் கைக்குழந்தைக்கு உடல் முழுவதும் உள்ள எலும்புகளைத் தனித்தனியே படமெடுப்பதும், ஏறத்தாழ இரு வாரங்கள் கழித்து மீண்டும் எடுத்து ஒப்பிடுவதும், அரிய நோய்களுக்கான குருதி, மரபணுச் சோதனைகளைத் தேவைக்கேற்பச் செய்வதும் வழக்கமாயின.

நூலும் மாணவர்களும்

கேஃபியிடம் பயின்றவர்கள் அமெரிக்காவின் பல குழந்தைகள் மருத்துவமனைகளில் கதிரியல் துறைகளை ஏற்றனர். குழந்தைக் கதிரியல் கழகம் 1958 இல் தோன்றியது. சிறந்த ஆய்வுகளுக்கு அக்கழகம் வழங்கும் விருதுகள் கேஃபியின் பெயரைத் தாங்கியுள்ளன. அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் ஹவ்லண்டு விருது இவருக்கு 1967 இல் வழங்கப்பட்டது. பயிற்சியால் கதிரியலாளராக இல்லாத ஒருவர், குழந்தை மருத்துவர்களின் விருதையும் கதிரியலாளர்களின் பதக்கங்களையும் பெற்றது குறிப்பிடத்தக்கது.

கேஃபி 1978 செப்டம்பர் 2 அன்று தமது 83 ஆம் வயதில் காலமானார். அவருடைய நூல் பிற ஆசிரியர்களால் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு, மீயொலி, சி.டி., காந்த ஒத்ததிர்வுப் படங்களையும் உள்ளடக்கி விரிந்தது. தலைப்பில் கேஃபியின் பெயரைத் தாங்கிய அதன் 13 ஆம் பதிப்பு 2018 இல் வெளிவந்தது.